ஒரு கண் தூளியில், ஒரு கண் மேகத்தில்

நெல் காயவைக்கிற வேலையில் நெல் மட்டும் காய்வதில்லை, கூட நிற்கிறவளும் சேர்ந்துதான் காய்கிறாள்.

இதை வெளியே சொன்னால் சிரிப்பாங்க. காலால் நடக்கிறதுக்குப் போய் கூலியா என்று என் நாத்தனாரே கேட்டிருக்கிறாள். உங்களில் யாராவது வெயிலில் நின்று வேலை பார்க்கிறவராக இருந்தால், வேலை ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமும் இழுக்க நடுவில் நிற்கிறவராக இருந்தால், நான் விளக்க வேண்டியதில்லை. உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டாங்க, அது ஒரு வசதி.

எழுதத் தோன்றியதும் ஒரு பக்கோடாவால்தான். பக்கோடா மடித்து வந்த வாரப் பத்திரிகைத் தாளில், வேலையில் சோர்வு தட்டாமல் இருக்க என்னென்ன பழக்கம் வேணும் என்று போட்டிருந்தது. நிமிர்ந்து உட்காரணும், நடுநடுவே கண்ணை மூடிக்கொள்ளணும், மேசை மேல் தேவையில்லாத சாமான் இருக்கக் கூடாது. மதியச் சோற்று நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். கூட வேலை பார்த்த பாக்கியம் முழுசும் கேட்டுவிட்டு, நம்ம மேசை இந்தக் களம்தான், அதுமேல தேவையில்லாத சாமான் மேஸ்திரிதான் என்றாள். எங்கள் களத்துப் பழக்கங்களையும் ஒருத்தி எழுதி வைத்தால் என்ன என்று அப்போதுதான் பட்டது.

களம் என்றால் ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுக் களம். திருக்காட்டுப்பள்ளி போகிற ரோட்டில் அந்த மில். தொட்டியில் ஊறின நெல்லை விடியற்காலம் அவித்துக் கூடை கூடையாக ஆவி பறக்கக் கொண்டுவந்து கொட்டுவாங்க. அதைப் பலகையால் தள்ளிப் பரப்பி, உழவுச் சால் மாதிரி காலால் கோடு இழுத்துச் சால் போட்டுச் சால் போட்டுப் புரட்டி, சாயங்காலத்துக்குள் காயவைத்துக் கொடுக்கணும். நான் அங்கே போனது ஊரில் கூலித் தகராறு முற்றின வருசம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கத்துக்காரங்க பண்ணை வயலில் கொடி நட்டாங்க. கொடிக்குக் குழி தோண்டினதில் என் வீட்டுக்காரரும் ஒருத்தர். அதற்கப்புறம் பண்ணை அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. வெளியூர் ஆளை லாரியில் கொண்டுவந்து இறக்கினாங்க, வாய்க்கால் கரையெல்லாம் போலீஸ் நின்றது. அவர் அதிராம்பட்டினத்துப் பக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டார். வீட்டில் பெரியவங்க யாரும் இல்லை. கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் மில்லுக்குப் போனேன். அந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. இனி வருகிற எல்லாவற்றுக்கும் அடியில் இந்தப் பயம் ஓடிக்கொண்டே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்க.

கால்

முதல் நாள் நான் நெல்லுக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தேன். வயல் சேற்றில் நடந்த பழக்கம் அது. அவித்த நெல் மேலே ஆறியிருக்கும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் புதுசாகச் சுட்டது. மற்றவங்க யாரும் காலைத் தூக்கவே இல்லை. பாதத்தைச் சாய்த்துவைத்துத் தேய்த்துக்கொண்டே போனாங்க. அவங்க போன இடத்தில் நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் கோடு விழுந்தது. நான் போன இடத்தில் கோழி கிளறின மாதிரி இருந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். களத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு நிமிசம் நின்று, உமிக் கொட்டகையில் கட்டியிருந்த தூளியைப் பார்த்தேன். நின்றால் பார்க்கணும், பார்த்தால் இன்னும் கொஞ்சம் நிற்கணும் என்று ஆகிவிடும். நாலு சாலுக்குள் தலை சுற்றியது. முதல் சால் போடுகிற அஞ்சலை அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், ஆனால் நாக்கு ரொம்ப மூத்தது. என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"திரும்புற எடத்துல நிக்காத புள்ள. நின்னேன்னா வெயிலு உன்னைக் கண்டுபிடிச்சுடும்."

தூளிச் சட்டம்

மேஸ்திரி கெட்டவர் இல்லை. எந்நேரமும் பல்லிடுக்கில் ஒரு நெல்லைக் கடித்தபடி இருப்பார். காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறதற்காகக் கடிக்க ஆரம்பித்து, அதுவே பழக்கமாகிப் போனவர். அவர் என்னைக் கூப்பிட்டு மில்லின் சட்டத்தைச் சொன்னார். நெல் கொண்டுவருகிறவங்க பிள்ளைகள் களத்தில் ஓடலாம், ஆடலாம், முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். வேலைக்கு வருகிறவங்க பிள்ளை காலை ஊன்றக் கூடாது. முன்னே ஒரு தடவை அவித்த நெல் கூடைக்குக் குறுக்கே ஒரு பிள்ளை ஓடிப் பெரிய வம்பாகிவிட்டதாம். அதற்குப் பிறகு வந்த சட்டம்.

உன் பிள்ளை தூளியில் தூங்குகிற வரைக்கும் நானும் கண்டுகொள்ள மாட்டேன், முதலாளியும் கொட்டகைக்குள் வர மாட்டார், பிள்ளை தரையில் தெரிந்த அன்றைக்கு நீ வராதே என்றார். அப்போது என் மகளுக்குக் கழுத்துக்கூடச் சரியாக நிற்கவில்லை. தவழுகிற காலமெல்லாம் வெகு தூரத்தில் இருக்கிற மாதிரி நான் தலையாட்டினேன். அவர் வாயில் இருந்த நெல்லைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"தூளிக்குள்ள இருக்கிற வரைக்கும்தாம்மா அது குழந்தை. கீழ எறங்கிட்டா அது ஆக்சிடெண்டு."

பேசாத நாள்

பாக்கியம் எங்கள் களத்து ரேடியோ. சால் போட்டுக்கொண்டே கதை சொல்வாள். கொட்டகையில் பார்த்த சினிமா, கூட்டத்தில் கேட்ட மேடைப் பேச்சு, பக்கத்துத் தெருச் சண்டை எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். கதை எப்போதும் களத்தின் கடைசியில், திரும்புகிற இடத்தில், கழுத்தைப் பிடிக்கிற கட்டத்தில் நிற்கும். மீதியைக் கேட்கணும் என்றால் அவளோடு திரும்பி நடக்கணும். நடந்துகொண்டே இருப்போம். சாயங்காலம் ஆகியிருக்கும்.

ஒரு நாள் முதலாளி கோபித்துக்கொண்டார் என்று மேஸ்திரி பேச்சைத் தடை செய்துவிட்டார். களத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்காதது எனக்குப் புதுசு இல்லை, ஆனால் மற்றவங்க பேச்சுக்குள் ஒளிந்துகொண்டுதான் நான் அதுவரைக்கும் நடந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. பேச்சு நின்றதும் ஒவ்வொருத்திக்கும் அவளவள் வீடு ஞாபகம் வந்துவிட்டது. என் காதில் தூளியின் கயிறு கிறீச்சிடுகிற சத்தம் தவிர எதுவும் விழவில்லை. ஒருத்தி பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். காக்காய்கள் எங்களை மரம் என்று நினைத்து இறங்கி வந்து மேய்ந்தன. பாதிக் களம் புரளாமல் கிடந்தது.

மதியத்துக்குமேல் மேஸ்திரியாலேயே தாங்க முடியவில்லை. முந்தின நாள் கதையில் ஒரு பெண் கிணற்றுக் கட்டைமேல் ஏறி நின்ற இடத்தில் மில் சங்கு ஊதிவிட்டது. அவர் தூணுக்குப் பின்னால் நின்று தினமும் கேட்டிருக்கிறார் போல. பாக்கியத்தின் பக்கத்தில் வந்து, யாரையோ திட்டுகிற குரலில் சொன்னார்:

"அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்தாளா இல்லையா, அதையாச்சும் சொல்லித் தொலை."

முக்காடு

தலையில் துண்டைப் போட்டு, இரண்டு முனையையும் மூக்குக்குமேல் இழுத்துச் செருகிக்கொள்வோம். வெளியே கண் மட்டும் தெரியும். நெல்லுச் சுணை அரிக்காது, வெயில் கொஞ்சம் தள்ளி நிற்கும், பக்கத்தில் பராக்குப் பார்க்கவும் முடியாது. வேலை தன்னால் ஓடும். பத்திரிகைக்காரங்க சொன்ன கண்ணை மூடிக்கொள்கிற பழக்கத்துக்கு இதுதான் எங்கள் பதில்.

ஒரு நாள் எங்கள் ஊர்ப் பண்ணையின் காரியக்காரர் களத்துக்கு வந்துவிட்டார். பண்ணைக்காகக் கோர்ட்டுக்கும் தாலுக்கா கச்சேரிக்கும் நடக்கிறவர் அவர். கொடி நட்டவங்க பெண்டுகள் இந்த மில்லில் வேலை பார்ப்பதாகக் கேள்வி, பண்ணை நெல் இங்கே வரணும் என்றால் அந்த ஆட்களை நிறுத்தணும் என்று மேஸ்திரியிடம் சொன்னார். நான் மூன்றாம் சாலில் இருந்தேன். அவர் குரல் கேட்டதும் திரும்புகிற இடத்தில் நிற்கப் போனேன். அஞ்சலை அக்கா சொன்னது ஞாபகம் வந்து நிற்காமல் தேய்த்தேன். ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாரும் ஒரே மாதிரி அழுக்குத் துண்டு, ஒரே மாதிரி கண். பாக்கியத்தை நிறுத்தி, உன் புருசன் எந்தக் கட்சி என்றார். வீட்டுக்கு வராத கட்சிங்க என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். என் முன்னால் வந்து நின்றபோது என் மகள் தூளியில் சிணுங்கினாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்கிறது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளை பெற்றவங்களுக்குத் தெரியும்.

கடைசியில், இதில் எங்க ஊர்ப் பெண்கள் யார் யார், நீயே சொல் என்று மேஸ்திரியைப் பிடித்தார். மேஸ்திரி ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். மெதுவாகக் கடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு இவங்க காலுதாங்க அடையாளம். மூஞ்சியெல்லாம் நான் பார்க்கிறதில்லை."

உழவு மாறியது

ஆவணி கடைசியில் என் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். தூளியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, உமிக் குவியல்மேல் பொத்தென்று விழுந்து, அங்கிருந்து கிளம்பிவிடுவாள். பழைய சேலைக் கிழிசலால் இடுப்பைத் தூணோடு கட்டிப் பார்த்தேன். முடிச்சை அவிழ்க்கிறதையே விளையாட்டாக ஆக்கிக்கொண்டாள். அந்த நாட்களில் என் உடம்பு ஓர் இடத்தில் நிற்கவில்லை. ராத்திரி படுத்தாலும் கால் பாயைத் தேய்க்கும். மேஸ்திரி கொட்டகைப் பக்கம் ஒரு அடி வைத்தால் நான் சாலைக் கோணலாக்கிவிடுவேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால், பிள்ளை தவழுகிறது என்கிற சேதி நடக்க ஆரம்பித்துவிடும்.

எங்கள் களத்தில் சால் எப்போதும் தெற்கு வடக்காகத்தான் ஓடும். களம் அந்தப் பக்கம் நீளம், திரும்புகிறது குறைவு. கொட்டகை மேற்கே இருந்தது. தெற்கு வடக்காக நடக்கும்போது பக்கவாட்டில் பார்த்தால்தான் அது தெரியும், முக்காட்டுக்குள் அதுவும் தெரியாது. ஒரு நாள் காலையில் அஞ்சலை அக்கா நெல்லைப் பரப்பியதும், ஒரு வார்த்தை பேசாமல், கிழக்கு மேற்காக முதல் சாலை இழுத்தாள். பின்னால் பாக்கியம், அவள் பின்னால் மற்றவங்க. அடிக்கடி திரும்பணும், கால் அதிகம் வலிக்கும், ஆனாலும் யாரும் கேள்வி கேட்கவில்லை. இரண்டு மூன்று நடைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த நேரமும் யாராவது ஒருத்தி முகம் கொட்டகையைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். என் மகள் கொட்டகை விளிம்புக்கு வந்தால் அந்தப் பக்கம் போய்த் திரும்புகிறவள் காலாலேயே அவளை உமிக்குள் திருப்பிவிட்டு வருவாள். நான் துண்டுக்குள் அழுதேன், அதுவும் யாருக்கும் தெரியவில்லை.

மேஸ்திரி வந்தார், களத்தைப் பார்த்தார், எத்தனையோ வருசமாக ஓடின சால் ஏன் திசை மாறிப்போச்சு என்று கேட்டார். அஞ்சலை அக்கா நடையை நிறுத்தாமல் பதில் சொன்னாள்:

"காத்து மாறிடுச்சு மேஸ்திரி."

காவல் இருந்த நெல்லுக்காரர்

குறுவை அறுத்த கையோடு வேம்பையன் என்பவர் நெல் கொண்டுவந்தார். அவரும் எங்கள் ஊர்ப் பண்ணையில் ஆளாக இருந்தவர்தான். பண்ணை தன் நிலத்தை உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்பவைக்க மச்சான் பேரில், மாமியார் பேரில், பிறக்காத பேரன் பேரில் என்று எழுதி வைத்திருந்தது. அதில் ஒரு துண்டு எப்படியோ பிடிபட்டு, சர்க்கார் உபரி நிலம் என்று அறிவித்து, வேம்பையனுக்குப் பட்டா ஆகியிருந்தது. பட்டா கைக்கு வந்தும் நிலத்தில் இறங்கவிடாமல் அடிதடி, கேசு. நாற்றைப் பிடுங்கிப் போட்டாங்க. மறுபடி நட்டார். அறுப்பும் போலீஸ் காவலில்தான் நடந்தது. அப்படி வந்த முதல் நெல்.

மற்ற நெல்லுக்காரங்க மூட்டையை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவாங்க. இவர் போகவில்லை. களத்தின் ஓரத்தில் குந்தினார், எழுந்தார், மறுபடி குந்தினார். நெல்லைக் கையில் அள்ளி முகர்ந்தார். நான் சால் போட்டால் பின்னாலேயே வந்து, விலகிக் கிடந்த மணியைப் பொறுக்கி உள்ளே போட்டார். திரும்பினால் அவர்மேல் இடிக்கணும். பாக்கியத்துக்குக் கதையே ஓடவில்லை. அவர் பார்வை படுகிற வெட்கத்தில் எனக்குக் கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேஸ்திரி பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐயா நீங்க போய்ப் படுங்க, உங்க நெல்லு எங்கேயும் ஓடிப்போகாது என்றார். வேம்பையன் கூச்சத்தோடு சொன்னார்:

"இத்தினி வருசமா அறுத்துக் குடுத்த நெல்லெல்லாம் எங்க போச்சுன்னு நான் பார்த்ததே இல்லைங்க. இதாவது எங்க போவுதுன்னு பார்த்துட்டுப் போறேனே."

மேகம்

குறுவைக் காலத்தில் மழை மேற்கேயிருந்து திடீரென்று வரும். அவித்துப் பாதி காய்ந்த நெல் நனைந்தால் நாற்றம் பிடித்துவிடும், சோறு பழுப்பாகும், யாரும் வாங்க மாட்டாங்க. அதனால் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேகத்தை முதலில் பார்க்கிறவள் "மேகம்" என்று கத்தணும். கத்தினால் எல்லாரும் போட்டது போட்டபடி நெல்லைத் தள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடணும். மழை வராமல் போனால், மறுநாள் அத்தனை தார்ப்பாயையும் கத்தினவளே தனியாக மடிக்கணும், வெயில் வீணானதற்கு முதலாளியிடம் பேச்சும் வாங்கணும். அதனால் எல்லாரும் மேகத்தைப் பார்ப்பாங்க, யாரும் முதலில் கத்த மாட்டாங்க.

வேம்பையன் நெல் பரப்பியிருந்த அன்றைக்கு மதியம் தாண்டினதும், கொட்டகையைப் பார்த்து நடக்கும்போது கூரைக்குமேலே எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. வெயில் அடிக்கிறது, ஆனால் நிறம் மாறியிருந்தது. கொக்குகள் கூட்டமாக ஆற்றுப் பக்கம் திரும்பிப் பறந்தன. மற்றவங்களைப் பார்த்தேன். அஞ்சலை அக்காவும் மேலே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பக்கம் வேம்பையன் குந்தியபடி ஒரு மணியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் "மேகம்" என்றேன். மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. துண்டை முகத்திலிருந்து இழுத்துக் கீழே விட்டேன். இரண்டாம் தடவை வந்த சத்தம் என்னுடையது என்று நம்ப எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

களம் முழுக்க ஓட்டம். பலகை இழுக்கிறவங்க, கூடையில் வாருகிறவங்க, தார்ப்பாயைப் பிடித்து ஓடுகிறவங்க. அந்த ஓட்டத்தில் யார் முகமும் கொட்டகைப் பக்கம் இல்லை. கடைசித் தார்ப்பாயின்மேல் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தால், மேகத்துக்குப் பயந்து முதலாளியின் மோட்டார் சைக்கிளும் களத்துக்குள் வந்து நிற்கிறது. அவருக்கும் எனக்கும் நடுவில், வெறும் சிமெண்டில், வேம்பையன் கையில் என் மகள். சுடுகிற களத்தில் தவழ்ந்து வந்தவளை அவர்தான் ஓடிவந்து தூக்கியிருந்தார். உடம்பெல்லாம் உமி.

முதலாளி சுற்றிலும் பார்த்தார். இது யார் பிள்ளை என்றார். மேஸ்திரி வாயில் நெல் இல்லாமலே கடித்தார். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன், அஞ்சலை அக்கா பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். வேம்பையன் முதலாளியைக் கண்டதும் பழக்கத்தில் தோள் துண்டை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. அந்தக் கையால் பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். என்னுதுதாங்க, நெல்லு கொண்டாந்தவன் பிள்ளை களத்துல இருக்கக் கூடாதுங்களா என்றார். பண்ணை ஆளாக இருந்த ஒருத்தரை எந்த முதலாளியும் மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளி அவரையும் பார்த்தார், குவித்து வைத்த நெல்லையும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பிள்ளையைக் கீழ விடாதீங்க, காலு சுட்டுடும்."

வராத மழை

நாலு தூறல் விழுந்தது. மேகம் குடமுருட்டி ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்க் கொட்டித் தீர்த்தது. இந்தப் பக்கம் தார்ப்பாய்மேல் தூசி அப்படியே இருந்தது. அரை நாள் வெயில் போனதுபோனதுதான். முதலாளி யார் கத்தினது என்று கேட்டு, கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் தனியாகத் தார்ப்பாய் மடித்தேன். யாரும் கை கொடுக்கக் கூடாது, அதுதான் வழக்கம். பாக்கியம் பக்கத்தில் நின்று, ஊமை என்று நினைத்திருந்தோம், இவள் கத்தினதில் மேகமே பயந்து ஆற்றைத் தாண்டிவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். வேம்பையன் அதற்குள் வந்துவிட்டார். அவருக்குத்தான் நட்டம், நெல் இன்னொரு நாள் காயணும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் தார்ப்பாயின் ஓரத்தைத் தொடப்போய், வழக்கம் ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"பண்ணையில இருந்தப்ப மழை பேஞ்சா நல்லதுன்னு படுத்துக்குவேன் தங்கச்சி. நேத்து வராத மழைக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை."

இன்றைக்கு யார் நெல்

வேம்பையன் நெல்லை அரைத்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் என் மகள் வழக்கம்போல உமியிலிருந்து கிளம்பிக் களத்தின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மேஸ்திரி நேரே வந்தார். ஓடிப்போய்த் தூக்கவும் முடியாமல், வேறு பக்கம் பார்க்கவும் முடியாமல் நான் சாலின் நடுவில் நின்றேன். சொந்தம் சொன்ன நெல்லுக்காரர் ஊருக்குப் போய்விட்டார், இன்றைக்கு முதலாளி வந்து கேட்டால் இது யார் பிள்ளை என்று சொல்வது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே வழி கேட்கிற மாதிரிதான் இருந்தது. பாக்கியம் சாலைத் தேய்த்தபடியே, இன்றைக்கு யார் நெல்லோ அவர் பிள்ளை என்றாள்.

அப்படித்தான் அந்தக் குறுவை முழுக்க ஓடியது. பூதலூர்க்காரர் நெல் வந்தால் பூதலூர்க்காரர் பிள்ளை, பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் லாரியில் நெல் போட்டுக்கொண்டு வந்தவருக்கு ஒரு நாள் மகள். வருகிறவரிடம் மேஸ்திரியே முன்கூட்டிக் காதில் சொல்லிவிடுவார். மாட்டேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, ஒருத்தர் மட்டும் பெயர் என்ன என்று கேட்டு வைத்துக்கொண்டார். ஒரு நாள் பண்ணை நெல்லும் வந்தது, காரியக்காரரும் கூடவே வந்தார். நான் முக்காட்டை மூக்குவரைக்கும் இழுத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் பிள்ளையைத் தூக்கித் தூளியில் போட்டு, தானே இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுச் சொன்னார்:

"இன்னிக்கு மட்டும் உள்ளயே இருக்கட்டும். பண்ணைக்கு ஏற்கெனவே வாரிசு ஜாஸ்தி."

ஆக, சோர்வில்லாமல் வேலை பார்க்க எனக்குத் தெரிந்த பழக்கமெல்லாம் இவ்வளவுதான்: காலைத் தேய்த்து நட, முகத்தை மூடிக்கொள், மேகத்தைப் பார்த்தால் மட்டும் வாயைத் திற, பெற்ற பிள்ளையை அன்றன்றைக்கு யார் நெல்லோ அவர் பிள்ளையாக்கிவிட்டுச் சாயங்காலம் சங்கு ஊதினதும் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ.